இணையத்தளமும் எமது வாசகரும்

இலக்கியம் மக்களுக்கு உரியது என்று கூறுவோர், அது மக்களை எவ்வழியாகச் சென்றடையும் என்ற வினாவுக்கும் விடை கூறக் கடமைப்பட்டவர்கள். அச்சு யந்திரத்தின் காலத்தில் இருந்த இக்கடமை இணையத்தின் காலத்திலும் நீங்கிவிடவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் இன்று இணையத்தளம் நடத்துவோர் பலர். ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், இலக்கிய வட்டங்கள், செய்தி நிறுவனங்கள், தனி எழுத்தாளர்கள் என இவர்களின் வரிசை நீளும். நோக்கத்தில் வேறுபட்டாலும் இவர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே. “தளத்தை அமைத்துவிட்டோம், ஆனால் வருவார் இல்லை. என்ன செய்யலாம்?” என்பதே அது.

இக்கேள்வியை வெறும் தொழில்நுட்பக் கேள்வியாக நாம் கொள்வதற்கில்லை. வாசகர் யார், அவரை நாம் எதற்காக அழைக்கிறோம், வந்தவருக்கு என்ன கொடுக்கிறோம் என்பனவெல்லாம் இதனுள் அடங்கியிருக்கின்றன. ஆகவே இதனை இலக்கிய விமர்சனத்தின் எல்லைக்குள் வைத்து ஆராய்வதே முறை.

வருகையாளரைப் பெருக்க மிக எளிதான வழி ஒன்று உண்டு. ‘யாழில்’ என்று தொடங்கிப் ‘பரபரப்பு’ என்று முடியும் தலைப்பு ஒன்றை இட்டுவிட்டால் போதும். உள்ளே செய்தி இருக்க வேண்டியதில்லை. விபத்தில் இறந்தவனின் உடல், தற்கொலை செய்த பெண்ணின் புகைப்படம், அயல் வீட்டுக் குடும்பச் சச்சரவு ஆகியவற்றை முதலாக வைத்து நடக்கும் தளங்கள் எம்மிடையே இல்லாமலில்லை. இவை ஆயிரக்கணக்கானோரை இழுப்பதும் உண்மை. ஆனால் இதன் காரணத்தை வாசகரின் இழிந்த சுவையில் மட்டும் தேடுவது தவறு. இத்தளங்களின் வருமானம் விளம்பரத்திலிருந்து வருகின்றது. விளம்பரத்துக்குரிய பணமோ, பக்கம் எத்தனை தடவை திறக்கப்பட்டது, விளம்பரம் எத்தனை தடவை அழுத்தப்பட்டது என்ற கணக்கின்படியே கொடுக்கப்படுகின்றது. ஒருவர் ஒரு கட்டுரையை அரைமணி நேரம் ஆழ்ந்து வாசித்தாலும், ஏமாந்து திறந்து இரண்டு விநாடியில் மூடினாலும், அந்தக் கணக்கேட்டில் ஏறக்குறைய ஒரே மதிப்புத்தான். எனவே ஏமாற்றுவது இலாபமாகின்றது. உழைத்து எழுதுவது நட்டமாகின்றது. இங்கே விற்கப்படும் பண்டம் செய்தியன்று. வாசகனின் கண்ணே விற்கப்படுகின்றது. இறந்தவளின் தாயார் அந்தப் புகைப்படத்தைக் காண நேருமே என்ற எண்ணம் இக்கணக்கில் எந்த நிரலிலும் இடம்பெறுவதில்லை.

இத்தகைய வழியை வெறுக்கும் நண்பர்கள் சிலர் எதிர்த்திசையில் நெடுந்தூரம் சென்றுவிடுகின்றனர். “நல்லதை வைப்போம், தேவையானவன் தேடி வரட்டும்” என்பது அவர்கள் கொள்கை. பார்வைக்கு இது கண்ணியமாகத் தோன்றலாம். உண்மையில் இது வாசகனிடம் பாராமுகமாக இருப்பதேயாகும். தேடுகிறவன் வந்தடையும் பாதையை வெட்டிக் கொடுக்காமல், அவன் வரவில்லை என்று குறைகூறுவதில் நியாயம் என்ன? தூண்டில் போடுவோருக்கும் கதவைச் சாத்திக்கொண்டிருப்போருக்கும் இடையில் மூன்றாவது வழி ஒன்று உண்டு. அதனை விளக்க எம்மண்ணிலேயே தக்க உதாரணம் இருக்கின்றது.

1981 ஆம் ஆண்டு மே 31 ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில் யாழ்ப்பாணப் பொது நூலகமும், அதிலிருந்த ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. ஒரு பிரதி மட்டுமே எஞ்சியிருந்த எத்தனையோ ஆவணங்கள் அத்துடன் மறைந்தன. ஒரே கட்டடத்தில் ஒரே பிரதி இருக்கும்வரை அது ஒரு தீக்குச்சிக்கு அடிமை என்ற பாடத்தை அந்த இரவு எமக்குக் கற்பித்தது. 2005 ஆம் ஆண்டில் தன்னார்வலர்கள் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய முயற்சி, ஈழத்து நூல்களையும் சஞ்சிகைகளையும் பத்திரிகைகளையும் மின்வருடி எவரும் கட்டணமின்றி வாசிக்குமாறு வைத்தது. பின்னர் அது ஒரு நிறுவனமாக வளர்ந்தது. பல்லாயிரக்கணக்கான ஆவணங்கள் இன்று அங்கே உள்ளன. ஈழத்து எழுத்தை ஆராயும் எவரும் அதன் வாயிலை மிதிக்காமல் இன்று ஓரடியும் எடுத்துவைக்க முடியாது.

நூலகம் தளத்துக்கு வாசகர் எவ்வாறு வருகின்றனர் என்பதை ஆராய்ந்தால் எமது கேள்விக்குப் பெரும்பகுதி விடை கிடைத்துவிடும். அங்கே ஒரு பழைய சஞ்சிகையின் இதழைத் திறந்தால், கோப்புக்கான இணைப்பு மட்டும் இருப்பதில்லை. அவ்விதழின் உள்ளடக்கம் முழுவதும், கட்டுரைத் தலைப்பும் ஆசிரியர் பெயருமாக, ஒருங்குறியில் தட்டச்சு செய்யப்பட்டிருப்பதைப் பல இதழ்களில் காணலாம். இது பார்வைக்குச் சிறிய வேலை. ஆனால் இதனுடைய பயன் மிகப் பெரிது. தேடுபொறி படத்தைப் பார்த்து மகிழும் வாசகன் அன்று. அது எழுத்தை வாசித்து அட்டவணையிடும் எழுதுவினைஞன். மின்வருடிய பக்கம் வெறும் படமாகவே கிடந்தால், அதனுள் இருக்கும் சிறந்த கட்டுரையும் அதற்கு வெற்றுத்தாளே. எவனோ ஒரு தன்னார்வலன் இருந்து தட்டச்சு செய்த அந்த உள்ளடக்கப் பட்டியலே, கனடாவில் தன் பாட்டனாரின் கட்டுரையைத் தேடும் பேரனையும், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு எழுதும் மாணவியையும் அப்பக்கத்துக்குக் கைப்பிடித்து அழைத்து வருகின்றது. வருகையாளரைச் சேர்க்கும் வழிகளுள் இதற்கு மேலான ஒன்றை நாம் அறியோம்.

இதே உண்மையை வேறொரு முயற்சியும் மெய்ப்பித்துள்ளது. 1998 ஆம் ஆண்டு பொங்கல் நாளில் தொடங்கப்பட்ட மதுரைத் திட்டம், தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் கையால் தட்டச்சு செய்வித்து வெளியிட்டது. முழு நூலும் எழுத்தாகவே இருப்பதால் ஒரு பாட்டின் நடுச்சொல்லைத் தேடினாலும் அந்நூல் அகப்படும்.

எமது பத்திரிகைகளும் இயக்கங்களும் இணையத்துக்கு வந்த தொடக்க ஆண்டுகளில் பாமினி போன்ற எழுத்துருக்களைப் பயன்படுத்தின. அவ்வெழுத்துருவில் தமிழ் எழுத்தின் வடிவம் திரையில் தெரியும். ஆனால் கணினியின் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. ‘யாழ்ப்பாணம்’ என்று ஒருவர் தேடினால், யாழ்ப்பாணத்தைப் பற்றிய ஆயிரம் பக்கங்கள் அவ்வாறு எழுதப்பட்டிருந்தும் ஒன்றும் அகப்படாது. அக்காலத்து எழுத்துகளுள் ஒருங்குறிக்கு மாற்றப்படாதவை இன்றும் ஊமையாகவே கிடக்கின்றன. மாற்றுதற்கான கருவிகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பழைய தளத்தை வைத்திருப்பவர் புதிய அலங்காரம் செய்வதற்கு முன் இந்த மாற்றத்தைச் செய்வாராயின், புதிதாக ஒரு வரியும் எழுதாமலே வாசகர் தொகையைப் பெருக்கிவிடலாம்.

நூலகத்தைப் போற்றிய நாம் அதன் குறையையும் கூறுதல் வேண்டும். போற்றுதல் மட்டும் விமர்சனமாகாது. பல ஆவணங்களுக்கு ‘எழுத்துணரியாக்கம்’ என்ற பெயரில் இயந்திரம் வாசித்த எழுத்தும் இப்போது இணைக்கப்பட்டிருக்கின்றது. இது பாராட்டத்தக்க முன்னேற்றம். எனினும் மங்கிய பழைய அச்சை இயந்திரம் பிழையின்றி வாசிப்பதில்லை. ஒரு பெயர் பிழைத்தால் அந்தப் பெயரைத் தேடுபவனுக்கு அப்பக்கம் இல்லாததே. பிழை திருத்தும் பணி இயந்திரத்தாலோ ஒருசில ஊழியராலோ முடியக்கூடியதன்று. இங்கேதான் வாசகரை வேறொரு வகையில் அழைக்க இடமுண்டு. ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் குடாநாட்டின் ஒவ்வொரு கிராமத்திலும் இருக்கின்றனர். ஒவ்வொருவரும் தம் ஊரைப் பற்றிய ஒரு மலரை எடுத்துப் பக்கம் பக்கமாகத் திருத்திக் கொடுப்பாராயின், அந்த மலர் தேடுவோர் கண்ணில் படும். திருத்தியவரோ தளத்தின் நிரந்தர வாசகராகிவிடுவார். தளத்துக்கு உழைத்தவன் அதனைக் கைவிடமாட்டான்.

அடுத்தது பெயர்ப் பிரச்சினை. ஈழத்து இலக்கியத்தில் சிவஞானசுந்தரம் என்ற பெயருடையவர் மூவர் புகழ்பெற்றிருக்கின்றனர். ஒருவர் ‘இலங்கையர்கோன்’ என்னும் சிறுகதை முன்னோடி. மற்றவர் ‘மலைக்கொழுந்து’ நாவலை எழுதிய மருத்துவப் பேராசிரியர் நந்தி. மூன்றாமவர் ‘சிரித்திரன்’ ஆசிரியரான கேலிச்சித்திரக் கலைஞர் சுந்தர். தளத்தின் பக்கத் தலைப்பில் ‘சிவஞானசுந்தரம்’ என்று மட்டும் இருந்தால் வாசகன் திகைப்பான். புனைபெயரை மட்டும் இட்டால் இயற்பெயரால் தேடுபவன் திரும்பிச் செல்வான். ‘மஹாகவி’ என்று தேடுபவனும் ‘உருத்திரமூர்த்தி’ என்று தேடுபவனும் ஒரே பக்கத்துக்கு வந்து சேர வேண்டும். ஆகவே மக்கள் அறிந்த பெயர், இயற்பெயர், ஊர், துறை ஆகியவை தலைப்பிலும் முதற் பந்தியிலும் தெளிவாக இருத்தல் அவசியம். புலம்பெயர்ந்த நாடுகளில் பிறந்த பிள்ளைகள் பலர் தமிழ்ப் பெயரை ஆங்கில எழுத்தில் இட்டே தேடுகின்றனர். அதனைக் குறைகூறிக்கொண்டிராது, பெயரின் ஆங்கில எழுத்து வடிவத்தையும் பக்கத்தில் ஓரிடத்தில் சேர்த்துவிடுவதே அறிவுடைமை. அந்தப் பிள்ளை உள்ளே வந்தபின் தமிழில் எதைக் காண்கிறது என்பதே எமக்கு முக்கியம்.

இனி, வருகையாளரைப் பெருக்கித் தருவதாகக் கூறிப் பணம் கேட்கும் வித்தைக்காரரைப் பற்றியும் ஒரு சொல் கூறுதல் வேண்டும். கூகுள் நிறுவனத்தைத் தோற்றுவித்த லரி பேஜ், சேர்ஜி பிரின் ஆகிய இருவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் மாணவராயிருந்தபோது உருவாக்கி 1998 இல் விளக்கிய முறையின் கருத்து எளிமையானது. ஒரு பக்கத்தைப் பிற பக்கங்கள் எத்தனை சுட்டுகின்றன, சுட்டுகின்ற பக்கங்கள் தாமே எவ்வளவு மதிப்புடையன என்பதைக்கொண்டு அப்பக்கத்தின் மதிப்பை அளப்பதே அது. அறிஞர் ஒருவரின் நூல் எத்தனை நல்ல நூல்களில் மேற்கோளாகின்றது என்று பார்ப்பது போன்ற அளவை இது. இதனை அறிந்த வணிகர் சுட்டிகளை விலைக்கு விற்கத் தொடங்கினர். ஒரே சொல்லைப் பக்கம் முழுவதும் நூறு தடவை அடுக்கும் வழக்கமும் வளர்ந்தது. பக்கத்தின் தலைப்பகுதியில் மறைவாக எழுதும் திறவுச்சொற்களைத் தரவரிசைக்குக் கணக்கிலெடுப்பதில்லை என 2009 இல் கூகுள் அறிவித்தது. 2011 இலும் 2012 இலும் செய்த மாற்றங்களால் உள்ளீடற்ற பக்கங்களையும் விலைக்கு வாங்கிய சுட்டிகளையும் அது பின்னுக்குத் தள்ளியது. இருந்தும் இவ்வித்தைகளை இன்றும் புதியனபோல் விற்போர் இருக்கின்றனர். ஊர்ச் சங்கங்கள் தம் உறுப்பினரின் சந்தாப் பணத்தை இவர்களிடம் இழக்கக் கூடாது.

நேர்மையான சுட்டியைப் பெற நேர்மையான வழி உண்டு. தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தோன்றியது. அதனை வளர்த்தோரில் முன்னின்றவர்களுள் ஈழத்தவரான இ. மயூரநாதனும் ஒருவர். உமது ஊரின் குளம், பாடசாலை, கூத்து, தொழில் ஆகியவற்றைப் பற்றி ஆதாரத்துடன் உமது தளத்தில் எழுதுவீராயின், அங்கே கட்டுரை எழுதுவோர் தாமாகவே அதனைச் சான்றாகக் காட்டுவர். வேறெங்கும் கிடைக்காத ஒன்றை உம்மிடம் வைத்திருப்பதே மற்றவர் உம்மைச் சுட்டுவதற்கான காரணம். காரைநகரிலும் புங்குடுதீவிலும் வேலணையிலும் பிறந்து, உலகெங்கும் சிதறி வாழ்வோர் ஊர்த் தளங்களைத் திறப்பது பெரும்பாலும் மரண அறிவித்தலுக்கும் திருவிழாப் படங்களுக்குமே என்று சிலர் இகழ்கின்றனர். நாம் அவ்வாறு இகழோம். இறந்தவரின் செய்தி ஊருக்கு எட்ட வேண்டுமென்பது மனித இயல்பு. ஆனால் அந்த அறிவித்தலின் கீழே, மறைந்தவர் படிப்பித்த பாடசாலையின் வரலாறோ, அவர் நடித்த கூத்தின் விபரமோ, அவர் உழைத்த சங்கத்தின் பழைய மலரோ இணைக்கப்பட்டிருக்குமாயின், துயரத்தோடு வந்தவர் வரலாற்றோடு திரும்புவார். வந்த வாசகனை இன்னும் ஒரு பக்கம் அழைத்துச் செல்வது புதிதாக ஒருவனைத் தேடுவதிலும் எளிது. எம்மவர் தளங்கள் பல இந்த எளிய வேலையைச் செய்வதில்லை.

முகநூலைப் பற்றியும் கூற வேண்டியிருக்கின்றது. எமது எழுத்தாளர் பலர் தம் கட்டுரைகளையும் நினைவுகளையும் நேரே முகநூலில் இட்டுவிடுகின்றனர். உடனே நூறு விருப்பங்கள் குவிகின்றன. ஒரு வாரம் சென்றபின் எழுதியவராலேயே அதனைத் தேடி எடுக்க இயலாது. பிறனுடைய காணியில் பயிர் செய்து, விளைச்சலை அவனிடமே விட்டுவருவதற்கு இது ஒப்பாகும். எழுத்தை முதலில் சொந்தத் தளத்தில் வைத்து, அதன் முகவரியை முகநூலிலும் வாட்ஸ்அப்பிலும் பகிர்வதே முறை. அம்முகவரியும் மாறாதிருத்தல் வேண்டும். தளத்தைப் புதுப்பிக்கிறோம் என்று பழைய முகவரிகளை அழித்துவிடுவோரும், ஆண்டுக் கட்டணம் கட்ட மறந்து பெயரையே இழப்போரும், பத்தாண்டில் சேர்த்த வாசகரை ஒரே நாளில் துரத்திவிடுகின்றனர்.

இன்னொன்று, தளத்தின் பாரம். குடாநாட்டில் ஒரு சாதாரண மாணவன் இணையத்தைக் காண்பது கைத்தொலைபேசியில்தான். அவன் வாங்கும் தரவு அளவிட்டது. காசு கொடுத்து வாங்கியது. அசையும் படங்களும் தானாக ஓடும் காணொளியும் நிறைந்த முகப்பு, அவனுடைய பையிலிருந்து பணத்தை எடுக்கின்றது. நூலகத்தில் ஒவ்வொரு கோப்பின் அருகிலும் அதன் அளவு எத்தனை மெகாபைட் என்று குறித்திருப்பது வாசகனை மதிக்கும் செயல். அதே வேளையில், ஒரு கவிதையை வாசிக்க முழு இதழையும் இறக்க வேண்டியிருப்பது ஏழை வாசகனுக்குப் பாரமே. கட்டுரை கட்டுரையாகப் பிரித்து எழுத்துவடிவில் கொடுக்கும் நாள் வருமாயின் வாசகர் தொகை பன்மடங்காகும் என்பது எமது துணிபு.

இவ்வளவும் தளத்தின் உள்ளே செய்ய வேண்டியவை. வெளியே செய்ய வேண்டியது ஒன்றும் உண்டு. அதனை எமக்குக் கற்பித்தவர் கணினியைத் தொடாத தலைமுறையைச் சேர்ந்தவர். சிகையலங்காரத் தொழிலாளியான டொமினிக் ஜீவா, 1966 ஆகஸ்டில் யாழ்ப்பாணத்தில் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். பெரும் முதலீடோ விற்பனை நிலையங்களின் ஆதரவோ இல்லாத அச்சஞ்சிகையை அவர் தாமே சுமந்து, வீதியிலும் கூட்டங்களிலும் வாசகரைச் சந்தித்து விற்றார். 2012 வரை அது வெளிவந்தது. வாங்கிய ஒவ்வொருவரோடும் அவர் பேசினார், முந்திய இதழைப் பற்றிக் கேட்டார், குறையைச் செவிமடுத்தார். வாசகரைச் சேர்ப்பது பற்றிய நூல்கள் இன்று கூறும் அறிவுரைகள் யாவும் அந்த நடையில் அடங்கியிருந்தன. தன் வாசகன் எங்கே நிற்கின்றான் என்பதை அறிந்து அவ்விடத்துக்குச் செல்லுதலே அதன் சாரம்.

இன்று அவ்விடம் எது? குடாநாட்டின் கிராமங்களில் சனசமூக நிலையங்களும் வாசிகசாலைகளும் இருக்கின்றன. ஒரு பத்திரிகையை ஊர் முழுவதும் வாசித்த பழக்கம் அங்கேதான் வளர்ந்தது. அந்நிலையங்களில் ஒரு கணினியை வைத்து, மாதத்தில் ஒரு நாள், அந்த ஊரைப் பற்றிய பழைய நூல்களையும் படங்களையும் இணையத்திலிருந்து எடுத்துக் காட்டலாம். உயர்தர வகுப்பு ஆசிரியர் ஒருவர் தம் பாடத்துக்குத் தேவையான கட்டுரையின் முகவரியைக் கரும்பலகையில் எழுதிவிட்டால் நாற்பது மாணவர் அன்றிரவே அதனைத் திறப்பர். அவர்களுள் நால்வர் மறுநாளும் திறப்பர். எந்த விளம்பரத்தாலும் பெற முடியாத வாசகர் அந்த நால்வரே.

எனவே எண்ணிக்கையைப் பற்றிய எமது மனப்பான்மையும் மாற வேண்டும். எத்தனை பேர் வந்தனர் என்று தினமும் பார்த்து மகிழ்வதும் சோர்வதும் பயனற்றவை. என்ன சொல்லைத் தேடி வந்தனர், எதனைக் காணாது திரும்பினர், எந்தப் பக்கத்தில் தங்கினர் என்பதே கேட்க வேண்டியது. தேடுபொறி நிறுவனங்கள் இக்கணக்கைத் தள உரிமையாளருக்கு இலவசமாகவே காட்டுகின்றன. தேடுபொறியே விடையைத் தொகுத்து மேலே காட்டிவிடும் இக்காலத்தில், தளத்துக்குள் நுழையாமலே திரும்புவோர் தொகை பெருகியும் வருகின்றது. மேலோட்டமான விடை தேடுபவன் இனி எம்மிடம் வரமாட்டான். மூலத்தைக் காண விரும்புபவனே வருவான். அவனுக்குக் கொடுக்க மூலம் எம்மிடம் இருக்க வேண்டும்.

எரிந்த நூலகத்தின் கட்டடம் மீண்டும் எழுந்தது. எரிந்த ஏடுகள் எழவில்லை. எஞ்சியவற்றைக் காப்பாற்றத் தன்னார்வலர் ஊதியமின்றி உழைத்திருக்கின்றனர். அவர்கள் காப்பாற்றியதை வாசகன் கண்டடையும்படி செய்வது மற்றையோராகிய எமது பங்கு. தட்டச்சுத் தெரிந்தவர் ஓர் உள்ளடக்கத்தைத் தட்டச்சு செய்யட்டும். ஆசிரியர் ஒரு முகவரியைக் கரும்பலகையில் எழுதட்டும். தளம் நடத்துவோர் இன்றே தம் பழைய பக்கங்களைத் திறந்து, அவற்றின் தலைப்பு எவருக்கு விளங்கும் என்று ஒருமுறை வாசித்துப் பார்க்கட்டும்.